சம்பந்தி ஊற்றிய ஆயில்

காரில் சூடு காட்டும் முள் நடுக்கோட்டைத் தாண்டி ஒரு நகம் அளவு மேலே நின்றதை முதன்முதலாகப் பார்த்தபோது, காலையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். முள் நின்ற இடத்திலேயேதான் நின்றது. பின்சீட்டில் இருந்தவர், "ஏதாவது கோளாறா?" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார், வெயில்" என்று சொல்லி வைத்தார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

காலையார் என்பது டாக்சி ஸ்டாண்டில் வைத்த பேர். அந்தக் கார் இரண்டு பேருக்குச் சொந்தம். விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை இவர் ஓட்டுவார். அதற்குப் பிறகு இருட்டும் வரை இவருடைய சம்பந்தி ஓட்டுவார். இவருடைய ஒரே மகளை அவருடைய மகனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. கல்யாணம் முடிந்த சூட்டோடு சூடாக, ஆளுக்குப் பாதி என்று சேர்ந்து வாங்கிய பழைய கார் அது. ஸ்டாண்டில் வாய்க்கொழுப்புக்குப் பஞ்சம் ஏது? காலைச் சம்பந்தி, மாலைச் சம்பந்தி என்று ஆரம்பித்து, காலையார், மாலையார் என்று சுருக்கிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மத்தியானம் சாவி கை மாறுவதை வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பவர்கள் இருந்தார்கள்.

"வாங்க சம்பந்தி, சாப்பிட்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க சம்பந்தி. நீங்க?"

"இனிமேத்தான். காரு நல்லா ஓடுச்சுங்களா?"

"அதுக்கென்ன குறைச்சல்? உங்க கை பட்டதாச்சே."

கார் நடுத்தெருவில் புகை கக்கிக்கொண்டு நின்றிருந்தாலும் அவர்கள் அப்படித்தான் பேசியிருப்பார்கள். பெண்ணைக் கொடுத்தவர் எடுத்தவர்களைக் குறை சொல்லிவிடக் கூடாது, எடுத்தவர் கொடுத்தவரிடம் முகம் சுளித்துவிடக் கூடாது என்று இரண்டு வீட்டு அம்மாக்களும் சொல்லிச் சொல்லி ஏற்றி வைத்திருந்த மரியாதை. மாப்பிள்ளைக்கு வெளியூரில் வேலை, மாதத்தில் ஒரு தடவை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் மகள் மாமனார், மாமியாரோடு தனியாகத்தான் இருந்தாள். அவள் அங்கே நிம்மதியாக இருக்கிறாள் என்ற ஒன்றுக்காக, காலையார் எந்தப் பேச்சையும் மென்று முழுங்கத் தயாராக இருந்தார்.

ஆனால் முள்ளை முழுங்க முடியவில்லை. மறுநாளும் அது மேலேயே நின்றது. ரேடியேட்டரைத் திறந்து பார்த்தார், தண்ணீர் இருந்தது. மின்விசிறி சுற்றியது. பெல்ட்டை அமுக்கிப் பார்த்தார், விறைப்பாக இருந்தது. கடைசியில் ஆயில் குச்சியை உருவி, நுனியில் ஒட்டியிருந்ததை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். விரலைப் பிரித்தபோது ஆயில் தேன் மாதிரி நூலாக இழுத்தது.

காலையார் முப்பது வயதிலிருந்து ஒரு கம்பெனி முதலாளிக்குக் கார் ஓட்டியவர். காரோடு வரும் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதைத்தான் ஊற்றுவார், ஒரு சொட்டு மாற்ற மாட்டார். இந்தக் காருக்கு லேசான ஆயில். இன்ஜினுக்குள்ளே மயிரிழை போன்ற இடைவெளியில் எல்லாம் ஓடிப்போய், அங்கே இருக்கிற சூட்டை வாங்கிக்கொண்டு கீழே இறங்கி வர வேண்டியது ஆயிலின் வேலை. கெட்டி ஆயில் நின்று நிதானமாக நகரும். அதைத் தள்ளவே இன்ஜினுக்கு மூச்சு வாங்கும், தள்ளுகிற உழைப்பும் சூடாக மாறும், ஆயில் அள்ளிக்கொண்டு வர வேண்டிய சூடும் சரியாக வந்து சேராது. முள் ஏறியதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. யார் ஊற்றினார் என்பதிலும் சந்தேகம் இல்லை. மாலையார் காலமெல்லாம் லாரி ஓட்டியவர், அவருக்கு ஆயில் என்றால் கூழ் மாதிரி இருக்க வேண்டும்.

அதோடு விட்டிருந்தால் மனுஷன் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். ஆனால் எதற்காக ஊற்றினார் என்று ஒரு கேள்வி முளைத்தது. பழைய கார் விற்கிற தரகர்கள் செய்கிற வேலை காலையாருக்கு நன்றாகத் தெரியும். தேய்ந்துபோன இன்ஜின் கடகடவென்று சத்தம் போட்டால், கெட்டி ஆயிலை ஊற்றி வாயை அடைத்துவிடுவார்கள். வாங்குபவன் வீடு போய்ச் சேருகிற வரை சத்தமே கேட்காது. அப்படியென்றால் சம்பந்தி எதையோ மூடி மறைக்கிறார். தண்ணீர் இல்லாமல் ஓட்டி இன்ஜினைக் கெடுத்திருப்பார், அது வெளியே தெரியாமல் இருக்க ஆயிலைக் கொட்டியிருப்பார். ஒருநாள் காலை நேரத்தில், தன் கையில் இருக்கும்போது, இன்ஜின் இறுகி நின்றுபோகும். பழி யார் தலையில்?

சாயங்காலம் பெண்டாட்டியிடம் சொன்னார். அந்த அம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை.

"அவர்கிட்டயே கேட்டுட வேண்டியதுதான?"

"என்னன்னு கேக்கறது?"

"ஆயிலை ஏன் மாத்தினீங்கன்னு."

"கேட்டா, என்னைச் சந்தேகப்படறீங்களான்னு அவர் ஒரு வார்த்தை சொல்லுவாரு. அப்புறம்?"

அந்த அம்மாள் இப்போதுதான் கையை நிறுத்தினாள். "அப்ப கேக்காதீங்க. வாயத் தெறக்கவே தெறக்காதீங்க. நம்ம பொண்ணு அங்க ஒருவாய் சோறு நிம்மதியா சாப்பிடணும்."

ஆக, வாயைத் திறக்காமல் காரியத்தைச் செய்வது என்று முடிவாயிற்று. சம்பந்திக்குப் பழக்கமில்லாத வேறொரு பக்கமாகப் போய், முன்பின் தெரியாத ஒரு பட்டறையில், காதும் காதும் வைத்த மாதிரி கெட்டி ஆயிலை இறக்கிவிட்டு லேசான ஆயிலை ஊற்றிக்கொண்டு வந்தார். முள் சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கியது. காலையாருக்கு ஏதோ திருடனைப் பிடித்துக் கொடுத்த மாதிரி குஷி.

குஷி நீடிக்கவில்லை. ஆயில் மாற்றிய மறுநாள் காலையில் இன்ஜினைக் கிளப்பியதும் உள்ளே டிக் டிக் என்று ஒரு சத்தம். இதுவரை கேட்காத சத்தம். பார்த்தாயா, இதைத்தான் மறைத்து வைத்திருக்கிறான் என்று தொடையைத் தட்டிக்கொண்டார். மனசுக்குள் பேசும்போது சம்பந்திக்கு மரியாதை குறைந்துபோயிருந்ததை அவர் கவனிக்கவில்லை. அடுத்த சில நாளில் சத்தம் அடங்கியது, முள் மறுபடி ஏறியது, குச்சியில் மறுபடி தேன். இவர் மறுபடி இறக்கினார். அவர் மறுபடி ஊற்றினார். இடையில் மத்தியானம் ஆனால் இரண்டு பேரும் சிரித்த முகத்தோடு சாவியை மாற்றிக்கொண்டார்கள்.

"காரு நல்லா ஓடுச்சுங்களா சம்பந்தி?"

"ஓடாம என்னங்க?"

முன்பெல்லாம் ஒரு தடவை கேட்கிற கேள்வியை இப்போது மாலையார் இரண்டு தடவை கேட்கிறார் என்று காலையாருக்குத் தோன்றியது. என் வாயைப் பிடுங்கப் பார்க்கிறார். ஒருநாள் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார், "வீட்டுல அம்மாகிட்ட குடுங்க" என்று. ஒரு விசேஷமும் இல்லாமல் பழம் எதற்கு? குற்றம் உள்ள நெஞ்சுதானே குளிர்விக்கப் பார்க்கும்? காலையார் பழத்தைச் சாப்பிடவில்லை. அவருடைய பெண்டாட்டி, நல்ல பழம் என்று எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தாள்.

அதற்குப் பிறகு அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார். சீட்டு ஒரு விரல் பின்னால் தள்ளியிருந்தால் சந்தேகம். கால்மிதியில் மண் இருந்தால் எந்த ஊர் மண் என்று சந்தேகம், இல்லாவிட்டால் எதற்குத் துடைத்தார் என்று சந்தேகம். பயணிகளோடு பேசுவதைக்கூடக் குறைத்துக்கொண்டார். ஒரு கண் ரோட்டில், ஒரு கண் முள்ளில்.

இந்தச் சமயத்தில்தான் மகள் போன் செய்தாள். தினமும் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு ஐந்து நிமிஷம் அப்பாவோடு பேசுவது அவள் வழக்கம். அம்மாவிடம் சொல்லாததை எல்லாம் அவரிடம் சொல்லுவாள். மாமியார் குறட்டை விடுவது, பக்கத்து வீட்டுப் பெண் கடன் வாங்கிய ஊசியைத் திருப்பித் தராதது, புருஷன் ஊரிலிருந்து வாங்கி வந்த செருப்பு ஒரு அளவு சின்னதாக இருந்தது என்று ஒன்றுக்கும் உதவாத சேதியாகத்தான் இருக்கும். அந்த ஐந்து நிமிஷத்தில் காலையாருக்கு அன்றைய அலுப்பெல்லாம் போய்விடும். அன்றைக்கு அவள் எடுத்த எடுப்பில் கேட்டாள்.

"அப்பா, காரு நல்லா ஓடுதாப்பா?"

காலையாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன் கேக்கற?"

"சும்மாதான்."

"யாராவது கேக்கச் சொன்னாங்களா?"

"என்னப்பா நீங்க. சும்மா கேட்டேன்."

சும்மா என்ற வார்த்தை அவரை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. கார் எப்படி ஓடுகிறது என்று இந்தப் பெண் என்றைக்குக் கேட்டிருக்கிறாள்? மாமனார் ஆழம் பார்க்க அனுப்பியிருக்கிறார். என் பெண்ணை வைத்தே என்னை வேவு பார்க்கிறார்கள். அப்படியானால் நான் மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும்? இந்த இடத்தில்தான் காலையாரின் புத்தி புல் மேயப் போனது என்று நான் சொல்வேன். அவரைக் கேட்டால் மூளை அன்றைக்குத்தான் வேலை செய்தது என்பார்.

அடுத்த நாள் அவரே போன் செய்தார்.

"உங்க வீட்டுப் பின்னால ஒரு ரூம் இருக்குல்ல, மாமா சாமான் வெக்கிற ரூம்."

"ஆமா. அதுக்கு என்ன?"

"அதுல ஆயில் டின் ஏதாவது இருக்கான்னு ஒரு பார்வை பாரு."

"எதுக்குப்பா?"

"எதுக்குன்னு கேக்காத. பாத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. மாமாவுக்குத் தெரிய வேணாம்."

"அந்த ரூமுக்கு நான் போறதே இல்லப்பா. அங்க எனக்கு ஒரு வேலையும் கிடையாது. யாராவது பாத்தா என்ன நெனப்பாங்க?"

"உங்கப்பனுக்காக இதுகூட செய்ய மாட்டியா?"

பெண் பிள்ளைகளிடம் அப்பாக்கள் கேட்கக் கூடாத கேள்வி அது. அதைக் கேட்டுவிட்டால் அப்புறம் அவர்களுக்குப் போக வழி கிடையாது. சரி என்றாள்.

போட்டோ மறுநாள் வந்தது. ஒரு பழைய டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் நீல டின், அதன்மேல் லாரிகளுக்கு ஊற்றுகிற கெட்டி ஆயிலின் எண். காலையார் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. கொஞ்ச நேரத்தில் மகளே பேசினாள்.

"நான் டின்னைப் பாத்துட்டு இருக்கறப்ப அத்தை வந்துட்டாங்கப்பா. என்ன தேடறன்னு கேட்டாங்க. எலி சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னேன்."

"கெட்டிக்காரி" என்றார் காலையார்.

"அவங்க நம்பின மாதிரி தெரியலப்பா."

"அதெல்லாம் நம்புவாங்க. நீ போய் வேலையப் பாரு." அவருக்கு அவசரம். வழக்கமாகக் காரைப் பார்க்கிற மெக்கானிக் கடையைச் சாத்துவதற்குள் போக வேண்டும்.

மெக்கானிக்குக் காது என்று பேர். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஓடுகிற இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, எங்கே வலி என்று கேட்பார். வாயும் காதுக்குச் சளைத்தது அல்ல. போகிறவர் வருகிறவரை எல்லாம் திட்டித்தான் பேசுவார். காலையார் போனை நீட்டி, நீல டின்னைக் காட்டி, தம் வழக்கை முழுவதும் எடுத்துச் சொன்னார். காது கேட்டுக்கொண்டே ஒரு பிளக்கைச் சுரண்டினார்.

"முடிஞ்சுதா அண்ணே?"

"முடிஞ்சுது. இப்ப நீயே சொல்லு, அவர் எதை மறைக்கறாரு?"

"போன வாரம் அதே ஸ்டூல்ல உக்காந்து உங்க சம்பந்தி இதையேதான் கேட்டாரு. அவர் எதை மறைக்கறாருன்னு."

"யாரு?"

"நீங்கதான். காலையில வண்டிய எடுக்கற மனுஷன் நான் ஊத்தற ஆயிலை எல்லாம் இறக்கிட்டு, தண்ணி மாதிரி எதையோ ஊத்தறாரு, இன்ஜின் டிக் டிக்குன்னு கதறுது, வேணும்னே தேய விடறாரு, வண்டிய நாசம் பண்ணி என்னைக் கழட்டி விடப் பாக்கறாருன்னு ஒரே பொலம்பல். கேக்கலாம்னா சம்பந்தியாச்சே, மருமக மனசு நோகுமேன்னு அழாத குறை."

காலையாருக்கு முதலில் வந்த நினைப்பு, இந்தக் காதும் சம்பந்தியும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்களோ என்பது. சந்தேகம் பிடித்த மனுஷனுக்கு உண்மையைச் சொன்னாலும் அதிலும் ஒரு சந்தேகம்தான் வரும். முகத்தைப் பார்த்தே காதுக்குப் புரிந்துவிட்டது.

"நாளைக்கு மத்தியானம் ரெண்டு பேரும் ஒண்ணா வாங்க. தனித்தனியா வந்தீங்க, ஸ்பானர எடுத்து அடிப்பேன்" என்றார்.

ஒன்றாகப் போனார்கள். ஒருவருக்கொருவர் வழி விட்டுக்கொண்டு, நீங்க முதல்ல, இல்லீங்க நீங்க முதல்ல என்று கடைக்குள் நுழையவே வெகு நேரம் ஆனது. காது இன்ஜினை ஓடவிட்டு ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்டார். அப்புறம் அந்தப் பிடியை மாலையாரின் காதிலும், காலையாரின் காதிலும் வைத்தார்.

"கேக்குதா? மேலதான் சத்தம். வால்வு இடைவெளி கொஞ்சம் அதிகமா இருக்கு, அரை மணி நேர வேலை. கீழ ஒரு சத்தமும் இல்ல. இன்ஜின் நல்லா இருக்கு. யாரும் எதையும் கெடுக்கல. நீங்க ரெண்டு பேருந்தான் இப்பக் கெடுத்துட்டு இருக்கீங்க."

ஆயிலை இறக்கினார். கெட்டியும் லேசும் கலந்து கறுப்பாக வந்து விழுந்தது. "ஒரு சாயங்காலம் இவர் ஓட்டறப்ப சத்தம் ஆரம்பிச்சுது, அத அடக்கக் கெட்டியா ஊத்தினாரு. இன்ஜின் இழுக்க முடியாம சூடாச்சு. நீங்க சூட்ட எறக்க லேசா ஊத்தினீங்க, சத்தம் வந்துச்சு. புது வண்டின்னா நீங்க சொல்றது சரி. இவ்வளவு ஓடின வண்டிக்கு அதவிடக் கொஞ்சம் கனமா வேணும், ஆனா லாரி ஆயில் கூடாது. ரேடியேட்டருலயும் பாதி அடைப்பு, அதனாலதான் முள்ளு உடனே காட்டிக் குடுத்துச்சு. அது சுத்தமா இருந்திருந்தா இந்த ஆயில் வித்தியாசம் முள்ளுல இவ்வளவு தெரிஞ்சிருக்காது. நீங்களும் சண்டை போட்டிருக்க மாட்டீங்க."

"சண்டையா? நாங்க எங்கப்பா சண்டை போட்டோம்?" என்றார் மாலையார்.

"அதானே" என்றார் காலையார்.

வால்வைச் சரிசெய்து, ரேடியேட்டரைக் கழுவி, நடுத்தரமான ஆயிலை ஊற்றிக் கொடுத்தார் காது. இரண்டு பேரும் ஊரை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். சத்தம் இல்லை. முள் நடுக்கோட்டுக்குக் கீழே அடக்கமாக நின்றது. தப்பு எம்மேலதான் சம்பந்தி என்று இவர் சொல்ல, ஐயோ எம்மேலதாங்க என்று அவர் சொல்ல, யார் மனசில் என்ன ஓடியது என்பதை மட்டும் இரண்டு பேரும் சொல்லவில்லை. நல்லவேளையாக எதுவும் கேட்டுவிடவில்லை என்று காலையார் மூச்சு விட்டார். கார் பிழைத்தது, உறவும் பிழைத்தது. "வீடு பக்கத்துலதான, வந்து ஒரு காபி சாப்பிட்டுப் போங்க" என்று மாலையார் காரை வீட்டுப் பக்கம் திருப்பினார்.

சம்பந்தி அம்மாள் வாய் நிறைய வரவேற்றாள். மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கப்பா என்றாள், சிரித்தாள், சிரித்து முடித்தவுடன் உள்ளே போய்விட்டாள். முன்கூடத்தில் ஒரு நாற்காலி குறைந்தது.

"பின் ரூம்ல ஒண்ணு இருக்கே" என்றார் மாலையார்.

மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். "அத்தை, சாவி" என்றாள்.

"நீ இரும்மா, நானே எடுக்கறேன்" என்று சம்பந்தி அம்மாள் எழுந்து போனாள். பின் அறைக் கதவில் புத்தம் புதுப் பூட்டு தொங்கியது. அந்த அம்மாள் திறந்து உள்ளே போய் நாற்காலியைத் தூக்கி வருகிற வரை மகள் வாசற்படிக்கு வெளியே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை. அந்த அம்மாள் திரும்பவும் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

மாலையார் சிரித்தார். "எலித் தொல்லைங்க. மருமகதான் சத்தம் கேட்டிருக்கா. பொறி வெச்சோம், ஒண்ணுகூட விழல."

"பொறியில விழாத எலிக்குப் பூட்டுதான் போடணும்" என்றாள் அந்த அம்மாள், காபியை ஆற்றிக்கொண்டே.

காலையார் டம்ளரைக் கீழே வைத்தார். கை கழுவ வேண்டும் என்று சாக்குச் சொல்லிப் பின்பக்கம் போனார். மகள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"ஒண்ணும் இல்லப்பா. காரு சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு. அந்தப் பூட்டு..."

"அந்த டிரங்குப் பெட்டியில அத்தை நகை இருக்காம். அன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாதுப்பா." அவள் ஒரு தட்டை அலசி வைத்தாள். "நான் வெளிய வந்ததும் உக்காந்து எல்லாத்தையும் எடுத்துப் பாத்தாங்க. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறமும் பூட்டு வாங்கிட்டு வந்துட்டாங்க."

"உண்மையச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்களும் மாமாவும் எப்படிப்பா ஒரே கார ஓட்டுவீங்க?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இந்தப் பெண் நிம்மதியாக இருக்க வேண்டும் என்றுதானே இத்தனை நாள் வாயைக் கட்டினோம், அந்த வாயைக் கட்டிய கையாலேயே அவளை அந்த அறைக்குள் தள்ளிவிட்டோமே என்று காலையார் நினைத்தார். கூடத்துக்குத் திரும்பி வந்தார். உட்காரவில்லை.

"எலியெல்லாம் இல்லீங்கம்மா" என்றார். "நான்தான் போகச் சொன்னேன். சம்பந்தி என்ன ஆயில் ஊத்தறாருன்னு பாத்து போட்டோ எடுக்கச் சொன்னேன். அவ மாட்டேன்னுதான் சொன்னா. நான்தான் விடல."

சம்பந்தி அம்மாளின் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. மாலையார் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நானும் கேட்டேனுங்க அவகிட்ட. உங்கப்பா எந்த ஆயில் ஊத்தறாருன்னு போன்ல நைசா விசாரின்னு. எங்கப்பாகிட்ட அப்படியெல்லாம் நூல் விட்டுக் கேக்க மாட்டேன் மாமான்னுட்டா. அந்தக் கோவத்துல நான் ரெண்டு நாள் அவகிட்ட பேசவே இல்ல."

காலையார் மகளைப் பார்த்தார். காரு நல்லா ஓடுதாப்பா என்று அவள் கேட்டது நினைவுக்கு வந்தது. அது யாரும் கேட்கச் சொன்ன கேள்வி இல்லை. இரண்டு பக்கமும் இடிபட்டுக்கொண்டு அவளாகக் கவலைப்பட்டுக் கேட்டது.

சம்பந்தி அம்மாள் சாவியை எடுத்து மருமகளின் கையில் வைக்கப் போனாள். "வெச்சுக்கம்மா. இனிமே உன்கிட்டயே இருக்கட்டும்."

மகள் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். "வேணாம் அத்தை, உங்ககிட்டயே இருக்கட்டும். நாளைக்கு ஏதாவது காணலன்னா எம்பேரு வரக் கூடாது." மரியாதையாகத்தான் சொன்னாள். காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கார் அதற்குப் பிறகு ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. மத்தியானம் சாவி மாற்றும்போது, ஆயில் பாத்தீங்களா, பாத்தேங்க என்று இரண்டு பேரும் வாயைத் திறந்தே பேசிக்கொண்டார்கள். ஸ்டாண்டில் இருப்பவர்களுக்கு அதில் பழைய சுவை இல்லை.

மகள் சில நாள் போன் செய்யவில்லை. ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு காலையாரே செய்தார். எடுத்தாள்.

"அப்பா, ஒரு நிமிஷம் இருங்க. ஸ்பீக்கர்ல போட்டுடறேன், அத்தையும் இங்கதான் இருக்காங்க."

அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கிற சத்தமும், யாரோ இருமுகிற சத்தமும், ஒரு முழு வீடும் கேட்டது. குறட்டையையும் ஊசியையும் செருப்பையும் இனிமேல் யார் சொல்லப்போகிறார்கள்?

"நல்லா இருக்கியாம்மா?" என்றார் காலையார்.

"நல்லா இருக்கேம்ப்பா" என்று மகள், வீட்டில் உள்ள எல்லாருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்.